அத்தையின் மே 29

2025 மே 29, வியாழன்

காலை ஆறரைக்கெல்லாம் அத்தையும் நானும் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து கல்லணை வழியாகத் திருச்சி செல்லும் பேருந்தில் ஏறிவிட்டோம். ஒவ்வோர் ஆண்டும் இந்த நாளில் கண்டோன்மென்ட்டில் உள்ள, கார்கில் போரில் உயிர்விட்ட மேஜர் சரவணனின் நினைவிடத்துக்கு அவர் போவது வழக்கம். துணைக்குப் போய்வந்த மாமா சென்ற தை மாதம் காலமாகிவிட்டதால் இம்முறை அது என் பொறுப்பாயிற்று. மரிக்கொழுந்து வைத்து வாழைநாரில் நெருக்கிக் கட்டிய இரண்டு முழம் கதம்பத்தை ஈரத்துணியில் சுற்றி, வழி முழுவதும் மடியிலேயே வைத்திருந்தார். நினைவிடத்தில் அதை ஓர் ஓரமாக வைத்துவிட்டு இரண்டு நிமிடம் நின்றார். கும்பிடவில்லை. உறவோ அறிமுகமோ இல்லாத ஒருவருக்காக ஏன் இத்தனை ஆண்டுகளாக வருகிறார் என்று கேட்க நினைத்தேன். முகத்தைப் பார்த்ததும் கேட்கத் தோன்றவில்லை.

மே 30

பிகார் ரெஜிமென்ட்டின் முதலாம் பட்டாலியனைச் சேர்ந்த மாரியப்பன் சரவணன், 1999 மே 29 அன்று, படாலிக் பகுதியில் ஏறத்தாழ 14,000 அடி உயரத்தில் இருந்த ஜுபார் மலையில், ஊடுருவியவர்களின் பதுங்குகுழியை ராக்கெட் லாஞ்சரால் தாக்கி, குண்டுச் சிதறல் உடம்பில் பாய்ந்த பிறகும் பின்வாங்காமல் போரிட்டு உயிர்விட்டார். அப்போது அவருக்கு 27 வயது நிறைந்திருக்கவில்லை. பின்னர் வீர் சக்ரா விருது வந்தது. இவையெல்லாம் திருச்சியில் பலருக்கும் தெரியும். உடலை மீட்க முடிந்தது ஜூலையில்தான் என்பது அவ்வளவாக யாருக்கும் நினைவில்லை. பதினாறாம் நாள் காரியத்தைக்கூட நாள் தள்ளாமல் செய்யும் ஊர்க்காரர்கள் நாம். ஒரு மாதத்துக்கு மேல் அந்தப் பிள்ளை பனியிலேயே கிடந்தது.

ஜூன் 15

இன்று கல்லணையைத் திறந்துவிட்டார்கள். நாற்றங்கால் வேலைக்கு நடுவில் அத்தை தாமாகவே பேச ஆரம்பித்தார்.

1999இல் அத்தையின் மகன், என் அத்தான், ராணுவத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஸ்ரீநகர்–லே சாலை, மலையுச்சிகளில் இருந்தவர்களின் பார்வையில் பட்டதால், இரவில் விளக்கை அணைத்துவிட்டு வண்டி ஓட்ட வேண்டியிருந்ததாம். ‘56 ஏ.பி.ஓ.’ என்ற ராணுவ அஞ்சலக முகவரியிட்ட இன்லாண்டு கடிதம் மாதத்துக்குக் குறைந்தது இரண்டு வரும். அந்த மே மாதம் ஒன்றுகூட வரவில்லை. அப்படியிருக்கையில், திருச்சிக்காரர் ஒருவர் கார்கிலில் இறந்துவிட்டார் என்று தெருவில் யாரோ சொல்லிக்கொண்டு போனார்களாம்.

“லாரி ஓட்டுறவனான்னுதான் தம்பி முதல்ல கேட்டேன். இல்ல, ஆபீசருன்னு மாமா விசாரிச்சிட்டு வந்து சொன்னார். அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. அன்னைக்கு ராத்திரி வயிறு நிறையச் சாப்பிட்டேன்.”

கையிலிருந்த நாற்றுமுடியை முடிந்துகொண்டே சொன்னார். மறு வாரம் அத்தானின் கடிதம் வந்ததாம். ஆனால் உடல் இன்னும் மலையிலேயே கிடக்கிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை என்றார்.

ஜூலை 26

கார்கில் வெற்றி நாள். தொலைக்காட்சியில் திராஸ் நினைவிடத்தைக் காட்டினார்கள். அத்தான் பார்க்காமல் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அந்தப் போரில் இந்தியத் தரப்பில் 527 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு. எண்ணிக்கையைக் கேட்டதும் அத்தை, “அத்தனை வீட்டுலயும் யாராவது ‘நம்ம பிள்ளை இல்லையே’ன்னு கேட்டிருப்பாங்கல்ல?” என்றார்.

ஆகஸ்ட் 3, ஆடி 18

படித்துறையில் நிற்க இடமில்லாத கூட்டம். காப்பரிசி, காதோலை கருகமணி, மஞ்சள் நூல் எல்லாம் படைத்து முடித்த பிறகு, படாலிக்கில் ஆறு இருக்கிறதா என்று அத்தை கேட்டார். சிந்து நதி அந்த வழியாகத்தான் ஓடுகிறது என்றார் அத்தான்.

“அது நம்ம காவேரியில வந்து சேருமா?”

“இல்லம்மா. அது பாகிஸ்தான் பக்கம் போயிடும்.”

அத்தை சற்று நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, ஈரப்புடவையைப் பிழிந்துவிட்டு, அடுத்த மே மாதமும் விடுப்பு கிடைக்குமா என்று என்னைக் கேட்டார்.