குழலுக்குள் ஜாக்

மார்ச் 3

அக்காவின் ரைஃபிளைத் தம்பி துடைக்கும்போது, துடைக்கிற கம்பியின் நுனியில் துணியைப் பிடிக்கும் ஜாக் குழலுக்குள் மாட்டிக்கொண்டது. இழுத்தால் கம்பி மட்டும் வந்ததாம். போனில் தம்பியின் குரலே சரியில்லை. எதையும் தொடாதே, அப்படியே வை, வருகிறேன் என்றேன்.

மருத்துவமனையிலிருந்து அக்காவின் ரிப்போர்ட் வரவில்லை.

மார்ச் 3, இரவு

குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட் ஏற்கெனவே வெளியேதான் இருந்தது. இருந்தும் தோட்டா அறைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன், விரல் நுனியால் தடவியும் பார்த்தேன். மேஜையோரம் இருந்த தோட்டாப் பெட்டியை வேறு அறையில் வைத்துப் பூட்டினேன். "அதான் கழட்டியிருக்கே அண்ணா" என்றான் தம்பி. இருக்கட்டும். கண்ணாலும் பார், விரலாலும் பார், தோட்டாவும் துடைக்கிற துணியும் ஒரே மேஜையில் இருக்கக் கூடாது என்று அக்கா எனக்குச் சொல்லிக்கொடுத்த நாளிலிருந்து இதை நான் விட்டதில்லை.

அப்புறம் கம்பியின் நுனியைப் பார்த்தேன். மரை சுத்தமாக இருக்கிறது, உள்ளே உடைந்த துண்டு எதுவும் இல்லை. அப்படியானால் ஜாக் முறியவில்லை, கழன்றிருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

காரணம் கைப்பிடி. குழலின் உள்ளே பள்ளங்கள் சுழன்று ஓடுகின்றன; பாயின்ட் 22 அங்குலக் குழலுள்ள ரைஃபிளில் பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று, வலப்பக்கமாக. இறுக்கமான துணியோடு போகிற ஜாக் அந்தச் சுற்றோடு திரும்பியே தீரும். கைப்பிடிக்குள் பேரிங் நன்றாக இருந்தால் கம்பியும் கூடவே திரும்பும். எங்கள் ஷூட்டிங் கிளப்பின் அந்தப் பழைய கம்பியில் பேரிங் இறுகிப் போயிருக்கிறது. கம்பி நிற்கிறது, ஜாக் மட்டும் திரும்புகிறது, மரை கழல்கிறது. தள்ளும்போது கழலும், இழுக்கும்போது இறுகும். தம்பி துணியை வேறு இரட்டையாக மடித்திருக்கிறான். ஆனாலும் அந்தக் கம்பியை அவன் கையில் கொடுத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

மார்ச் 4

கிளப்பில் ஆளுக்கு ஒரு யோசனை. ஒருவர் சுத்தியலும் இரும்புக் கம்பியுமாகவே வந்துவிட்டார், வாய்ப்பக்கமாக நான்கு அடி அடித்தால் போதுமாம். ரைஃபிளை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டேன்.

குழலின் வாய் விளிம்புதான் தோட்டாவிலிருந்து பறக்கும் ரவை கடைசியாகத் தொடுகிற இடம். அங்கே ஒரு பக்கம் மட்டும் கீறலோ தேய்மானமோ விழுந்தால், ரவை வெளியேறும் நொடியில் பின்னாலிருந்து வரும் வாயு ஒரு பக்கமாக முந்திக்கொள்ளும், ரவை அங்கேயே தடுமாறிவிடும். அதனால்தான் முடிந்தவரை பின்பக்கமிருந்தே துடைக்கிறோம், அதனால்தான் கம்பியை நடுவில் நிறுத்தப் போர் கைடு என்கிற வழிகாட்டிக் குழாய். குழலைவிட மிகவும் மெல்லிய கம்பியை வைத்து அடித்தால் அது உள்ளே வளைந்து பக்கவாட்டில் பள்ளங்களின் மேட்டைக் குத்தும். துணியோ இன்னும் இறுகும்.

இன்னொருவர் சொன்னதை எழுதக்கூடக் கை கூசுகிறது. ஒரு தோட்டாவைப் போட்டுச் சுட்டால் வெளியே வந்துவிடுமாம். அடைத்த குழலில் சுட்டால் அழுத்தத்துக்குப் போக இடம் இல்லை. குழல் அந்த இடத்தில் வளையமாக வீங்கும், அல்லது வெடிக்கும். பக்கத்தில் இருப்பது சுடுகிறவனின் முகமும் கையும். ரவையை எடுத்துவிட்டு வெறும் மருந்தை வைத்தாலும் அதே ஆபத்துதான். எல்லோர் முன்னாலும் சத்தமாகவே சொன்னேன். தம்பி கேட்டுக்கொண்டிருந்தான், அவனுக்காகவும்தான் சொன்னேன்.

சாயங்காலம் அக்காவின் முதல் கேள்வி: "வாய்ப்பக்கம் யாரும் கை வைக்கலையே?"

இல்லை அக்கா.

மார்ச் 5

ரிப்போர்ட் நாளைக்கு என்கிறார்கள். நேற்றும் நாளைக்கு என்றுதான் சொன்னார்கள்.

மார்ச் 6

துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் ஆர்மரர் அடுத்த வாரம்தான் வருவார். ஜாக் முறிந்திருந்தால் தொடாமல் அவருக்காகக் காத்திருந்திருப்பேன். கழன்றதுதானே, அதனால் நானே ஆரம்பித்தேன்.

முதலில் அளவு. நல்ல கம்பியைப் பின்பக்கமிருந்து மெதுவாக விட்டு, அது போய்த் தட்டிய இடத்தில் கம்பி மேல் டேப் ஒட்டினேன். வாய்ப்பக்கம் உலோகம் எதுவும் வேண்டாம் என்று மெல்லிய மரக்குச்சி. இரண்டையும் குழலுக்கு வெளியே வைத்துப் பார்த்தால் அடைப்பு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று தெரிந்துவிட்டது. குழலின் பாதியைக் கொஞ்சம் தாண்டி.

பிறகு வாயைக் கீழே சாய்த்து, பின்பக்கமிருந்து ஊடுருவும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். இப்படிச் சாய்த்தால் எண்ணெய் டிரிகருக்குள் இறங்காது. வாய்க்குக் கீழே வெள்ளைத் துணி விரித்திருக்கிறேன், அதில் கறை விழுந்தால் எண்ணெய் அடைப்பைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அதுவரை அவசரப்படக் கூடாது. ஜன்னல் திறந்திருக்கிறது, கையில் உறை.

பழைய பாயின்ட் 303 ரைஃபிளின் புல்த்ரூ, அதாவது குழலுக்குள் விட்டு இழுத்துத் துடைக்கும் கயிற்றைப் பற்றி அக்கா அடிக்கடி சொல்வாள். அதில் மூன்று கண்ணிகள். ஒன்றில் கம்பி வலை, ஒன்றில் துணி. கடைசிக் கண்ணி, கயிறு உள்ளே மாட்டிக்கொண்டால் இழுத்தெடுக்க. மாட்டும் என்று தெரிந்தே அதற்கும் ஒரு கண்ணி வைத்தவர்களை எனக்குப் பிடிக்கும்.

அக்காவுக்கு இன்று பேசத் தெம்பில்லை. நர்ஸ்தான் போனை எடுத்தார்.

மார்ச் 7

அதிகாலையில் துணியில் கறை!

போர் கைடைப் போட்டு, பேரிங் நன்றாக இருக்கிற கம்பியை விட்டேன். கைப்பிடியைத் திருகினால் அது தானாகச் சுற்றுமே தவிரக் கம்பி திரும்பாது. கம்பியின் உடலையே விரல்களால் பிடித்து, அழுத்தாமல், வலப்பக்கமாகத் திருப்பினேன். நழுவியது. மறுபடி. துணி ஜாக்கை இறுக்கிப் பிடித்திருந்ததும் நல்லதாகப் போயிற்று, இல்லையென்றால் ஜாக்கும் கூடவே சுற்றியிருக்கும். மரை பிடித்தது விரலிலேயே தெரிந்தது. இனி தள்ளக் கூடாது. நேராக, சீராக இழுத்தேன். ஜாக் வந்துவிட்டது, துணியை உள்ளேயே விட்டுவிட்டு.

துணி மட்டும் என்றால் பயமில்லை. தட்டை முனைப் பித்தளைத் துண்டைக் கம்பியில் மாட்டி, கூடக் கொஞ்சம் எண்ணெய் விட்டு, பின்னாலிருந்து தள்ளினேன். கறுப்பாக, எண்ணெயில் ஊறி, வாய் வழியாக வெளியே விழுந்தது. தம்பி கைதட்டினான்.

பழைய கம்பியைக் கிளப்பிலிருந்து எடுத்துவிட்டேன். கேட்டால் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அக்காவிடம் சொன்னேன். "வாய்?" என்றாள். பஞ்சுக் குச்சியால் விளிம்பைச் சுற்றிலும் தடவிப் பார்த்தேன், ஒரு இழைகூட மாட்டவில்லை என்றேன். சரி என்றாள்.

மார்ச் 8

முழுதாகத் துடைத்தேன். தோட்டா அறையை ஒட்டிக் கொஞ்சம் ஈயம் படிந்திருக்கிறது. இந்த ரவைகளுக்குச் செம்பு உறை இல்லை, அதனால் அமோனியா கலந்த சால்வென்ட் தேவையே இல்லை. அது வெண்கலப் பிரஷ்ஷையும் அரிக்கும். துணியில் நீலம் ஏறி, குழலில்தான் செம்பு இருக்கிறது என்று நம்மை ஏமாற்றிவிடும். வெண்கலப் பிரஷ்ஷைப் பாதியில் திருப்பாமல் முழுதும் வெளியே தள்ளிவிட்டுத்தான் இழுத்தேன். கடைசியாக உலர்ந்த துணி. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், ஈயம் போக வேண்டும்.

நாளை தம்பியை வைத்துச் சுட்டுப் பார்க்கலாம் என்றிருந்தேன். மருத்துவமனையிலிருந்து போன். காலையில் டாக்டர் பார்க்க வேண்டுமாம், யாராவது ஒருவர் வந்தால் போதுமாம். ரேஞ்ச் இன்னொரு நாள்.