கொண்டெய்னர் அறை: பெட்டி மலிவு, இறக்குகூலி கேளுங்கள்

வீட்டுக் கோடியில் இருபதடிக் கொண்டெய்னர் ஒன்றை வைத்து, ஜன்னல் வெட்டி, இருந்து எழுத வாசிக்க ஓர் அறை ஆக்கியாயிற்று. திருகோணமலையில் யாராவது இதே யோசனையில் இருந்தால் காசு கொடுக்கமுதல் இதை ஒருக்கால் வாசியுங்கள்.

நாங்கள் உப்புவெளிப் பக்கம். கடல் இரைச்சல் வீட்டுக்குக் கேட்கும். அனுமதி எடுக்க உறுதி, நில அளவைப் படம், சோலைவரிப் பற்றுச்சீட்டு எல்லாம் கட்டிக்கொண்டு பிரதேச சபைக்குப் போனேன். மேசையில் இருந்தவர் அதொன்றையும் திருப்பியும் பார்க்கவில்லை. "இது வாகனமோ, கட்டடமோ?" என்றார். சில்லு இல்லையே என்றேன். "அப்ப அத்திவாரம் போடுவீங்களோ?" நாலு மூலைக்கும் கொங்கிறீட் தூண் என்றதும், கரையோரப் பாதுகாப்புத் திணைக்களக் கடிதம் வேண்டும் என்று கோப்பை மூடிவிட்டார். கரையோர வலயம் கடலிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர். எங்கள் வளவு அதற்குள்ளா வெளியேயா என்று படத்தில் இருந்தால் போதும் என்பதை அவர் சொன்னது பிறகொரு நாள், அதுவும் தேத்தண்ணிக்கு எழும்பிப் போகிற அவசரத்தில். நில அளவையாளரைப் பிடித்துத் தூரத்தைக் குறிப்பித்தேன். வளவு வலயத்துக்கு வெளியே! அந்தக் கடிதமே தேவைப்படவில்லை. நீங்கள் முதலே குறிப்பித்துக்கொண்டு போங்கள்.

பெட்டி கொழும்பில் பழைய கொண்டெய்னர் விற்கிற யார்ட் ஒன்றில் வாங்கினது. உள்ளே நின்று கதவைச் சாத்திப் பார்க்க வேண்டும். வெளிச்சம் தெரிந்தால் மழையும் வரும். கதவிலுள்ள தகட்டில் தரைப் பலகைக்கு என்ன பூச்சிமருந்து ஏற்றியது என்று இருக்கும். அதைப் படம் எடுத்து வையுங்கள். நாங்கள் பழைய பலகைக்கு மேல் பூச்சு அடித்து, புதுப் பலகை போட்டு மூடிவிட்டோம்.

இனித்தான் கூத்து. "வீட்டிலேயே இறக்கித் தருவம்" என்று சொல்லித்தான் யார்ட்காரர் காசை வாங்கினார். வந்தது ஒரு பூம் லொறி, பாரம் தூக்கும் கை பூட்டினது. சாரதி இறங்கி மதிலைப் பார்த்தார், மேலே போகிற கரண்ட் வயரைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "அண்ணை, இது அஞ்சு தொன் தூக்கும், ஆனா கிட்டத்தில வச்சுத்தான். கையை நீட்ட நீட்டப் பலம் குறையும்." வெறும் பெட்டியே இரண்டேகால் தொன் வரும். மதிலுக்கு மேலால் கோடி வரை எட்டாது. யார்ட்காரருக்குப் போன் போட்டால், "இறக்கிறதெண்டா லொறியிலயிருந்து நிலத்துக்குத்தானே" என்கிறார்! பெட்டியை ஒழுங்கையில் வைத்துவிட்டு லொறி போய்விட்டது. இரவு முழுக்க அது அங்கேதான். விடியக் காலையில் மீன்கார ஓட்டோ திரும்ப முடியாமல் ஹோர்ன் அடிக்க, முன்வீட்டு மாமி வாசலில் நின்று எனக்குக் கேட்கத்தக்கதாக அயலுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய கிரேன் வந்து, வயர் கழற்றி, பெட்டி தூணில் இருந்தபோது அடுத்த நாள் மத்தியானம். கிரேன் கூலி பெட்டி விலையில் நல்ல பங்கு. எத்தனை அடி தள்ளி, எவ்வளவு பாரம் தூக்கி வைப்பார்கள் என்று யார்ட்காரரிடம் முதலே எழுத்தில் வாங்குங்கள். தூண் நாலும் ஒரே மட்டமாக இருக்கவேணும், இல்லாவிட்டால் கதவு சாத்தாது.

வெல்டிங் வேலை சுகம். ஜன்னலுக்கு முதலில் பொக்ஸ்பார் (சதுர இரும்புக் குழாய்) சட்டம் ஒட்டி, அப்புறம்தான் தகட்டை வெட்டினார்கள். ஏனென்றால் அந்த நெளிதகடும் பெட்டியின் பாரத்தைத் தாங்குகிறது, சட்டம் இல்லாமல் வெட்டக்கூடாது.

ஆனி, ஆடிக் கச்சான் காற்றில் வெறும் பெட்டி அடுப்புத்தான். உள்ளே ரெஜிபோமும் பலகையும் அடித்தோம். ஆனால் உண்மையாகச் சூட்டைக் குறைத்தது, மேலே ஓரடி இடைவெளி விட்டுப் போட்ட கிடுகுக் கூரை. வெயில் மேல்தகட்டில் படுவதே இல்லை. எதிரெதிர்ச் சுவர்களில் மேலே காற்றோட்டத் துளை விடுங்கள், இல்லாவிட்டால் மாரியில் தகடு உள்ளே வியர்க்கும். துரு பிடிக்காத இரும்பு என்று யார்ட்டில் சொல்வதை உப்புக்காற்றுக்குக் கிட்ட நம்பவேண்டாம். அடிப்பக்கத்துப் பெயின்ட்டை அங்கேயே அடிப்பித்துவிடுங்கள், பிறகு குனிந்து பார்க்கவும் இடம் இராது.

கடைசியாகக் கரண்ட். வயரிங் செய்தவர் "உள்ளுக்குப் பலகைதானே, எர்த் எதுக்கு?" என்றார். முழுப் பெட்டியும் இரும்பு, வாசலில் வெறுங்காலோடு பிள்ளைகள். பக்கத்தில் நின்று, பெட்டியின் உடம்போடு எர்த் கம்பியைப் பூட்டுவித்து, கரண்ட் கசிந்தால் வெட்டுகிற ட்ரிப் சுவிட்சும் தனியாகப் போடுவித்த பிறகுதான் அவருக்குக் காசு கொடுத்தேன்.