விஸ்லர் பனிமலைக்குப் புறப்படும் முன்: ஒரு நாட்குறிப்பு

செப்டம்பர் 14

ஜனவரியின் கடைசி வாரத்தில் குடும்பத்தோடு கனடாவின் விஸ்லர் பிளாக்கோம் மலைகளுக்குப் பனிச்சறுக்குப் பயணம் போவது என்று இன்று முடிவாயிற்று. மொத்தம் ஐந்து பேர். பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகளுக்கு மட்டும்தான் சறுக்கத் தெரியும். நான்கு குளிர்காலங்கள் பழகியிருக்கிறாள். மனைவி எப்போதோ இரண்டு நாள் பயிற்சி எடுத்தவர். 9 வயது மகனும் 51 வயது நானும் சறுக்குப் பலகையைத் தொட்டதுகூட இல்லை. 72 வயதாகும் அம்மா சறுக்கப்போவதில்லை. ஆனால் அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போனால் அதை ஆயுள் முழுக்கச் சொல்லிக்காட்டுவார்.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதற்குள் மாலைப்பொழுது கழிந்துவிட்டது. மனைவி கிறிஸ்துமஸ் விடுமுறையைச் சொன்னார். எல்லோருக்கும் தோன்றுவது அதுதான் என்பதால் மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டுக்கான வரிசையும் அறை வாடகையும் அந்த இரண்டு வாரங்களில் உச்சத்தில் இருக்கும். போதாததற்கு, டிசம்பர் இறுதியில் அந்தப் பக்கம் மாலை நாலேகால் மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடும். பிப்ரவரி என்றால், மூன்றாம் திங்கட்கிழமை, விஸ்லர் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திலும் அமெரிக்காவிலும் ஒருசேர விடுமுறை. இரு நாட்டுக் கூட்டமும் ஒரே மலையில் ஏறும். இவை இரண்டுக்கும் நடுவில் சற்று மூச்சுவிட இடம் இருப்பது ஜனவரிக் கடைசியில்தான். மகன் ஐந்து நாள் பள்ளிக்கு மட்டம் போட வேண்டியிருக்கும். அவன் தரப்பிலிருந்து எந்த ஆட்சேபமும் எழவில்லை.

செப்டம்பர் 29

மலையின் சறுக்குத் தட வரைபடத்தை மேசையில் விரித்துவைத்து மூன்று மணி நேரம் செலவிட்டேன். விஸ்லர் மலையில் சறுக்குதளம் 1966இல் தொடங்கியது. பள்ளத்தாக்குக்கு எதிர்ப்புறம் இருக்கும் பிளாக்கோம் 1980இல் போட்டியாக வந்தது. 1997இல் இரண்டும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இணைந்தன. இன்று இரண்டு மலைகளிலும் சேர்த்து 8,171 ஏக்கர் பரப்பு, 200க்கும் மேற்பட்ட தடங்கள். முதல் நாள் விஸ்லர், இரண்டாம் நாள் பிளாக்கோம், மூன்றாம் நாள் இரண்டின் உச்சிகளும் என்று வண்ணப் பேனாக்களால் ஒரு கால அட்டவணை வரைந்து, அதைப் படமெடுத்து மகளுக்கு அனுப்பினேன்.

"அழகாக இருக்கிறது. எப்படி இறங்கப்போகிறீர்கள், அப்பா?" என்று ஒரே வரியில் பதில் வந்தது.

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. கிராமம் 675 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, விஸ்லர் உச்சி 2,182 மீட்டரில். லிஃப்ட் சில நிமிடங்களில் ஏற்றிவிட்டுவிடும். அதன் பிறகு கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோமீட்டர் செங்குத்து உயரத்தை என் முழங்கால்கள்தான் இறங்கித் தீர்க்க வேண்டும். வரைபடத்தில் இது தெரியாது. ஒவ்வொரு சரிவும் நம்மைப் பார்த்துத் திரும்பி நிற்பதுபோல் ஓவியர் தீட்டியிருப்பதால், சாய்வின் கடுமையும் தூரமும் காகிதத்தில் கரைந்துபோகின்றன.

நிறங்களும் நான் நினைத்த அளவுக்கு உதவவில்லை. வட அமெரிக்காவில் பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம், இரட்டை வைரம் என்றால் நமக்கு வேலையில்லை. ஆனால் இந்தக் குறிகள் அந்தந்த மலைக்குள் மட்டுமே ஒப்பிடத்தக்கவை. சிறிய குன்று ஒன்றில் நீலத்தில் தாராளமாக இறங்கிய ஒருவர், பெரிய மலையின் நீலத்தில் பாதி வழியில் அமர்ந்துவிடலாம். ஐரோப்பாவில் நீலமே எளிய தடங்களில் ஒன்று, நடுத்தரத்துக்குச் சிவப்பு என்பது வேறு. மனைவியின் இரண்டு நாள் அனுபவம் எந்த மலையின் எந்த நிறத்தில் கிடைத்தது என்பது அவருக்கே நினைவில்லை.

அக்டோபர் 12

பழைய அட்டவணையைக் கிழித்துவிட்டேன். புதிய திட்டத்தை மகனையும் என்னையும் மையமாக வைத்துப் போட்டிருக்கிறேன். குழுவில் மிகவும் பலவீனமானவர் எங்கே காலை ஊன்ற முடியும், அங்கிருந்து எப்படித் திரும்பி வருவார் என்று பார்த்த பிறகுதான் மற்றவர்களின் நாள்.

கிராமத்திலிருந்து புறப்படும் கொண்டோலா, அதாவது கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் பெட்டி, பாதி வழியில் ஒலிம்பிக் ஸ்டேஷன் என்ற இடத்தில் நிற்கிறது. சுமார் 1,000 மீட்டர் உயரம். புதிதாகக் கற்பவர்களுக்கான தளம் அங்கே இருக்கிறது. நகரும் கம்பள விரிப்பில் நின்றபடியே சற்று மேலே போய், மெல்லிய சரிவில் இறங்கிப் பழகலாம். முதல் மூன்று நாட்களும் நானும் மகனும் தனித்தனி வகுப்புகளில் அங்கேதான். 8,171 ஏக்கரில் எனக்கு ஒதுக்கப்பட்டிருப்பது ஒரு விளையாட்டுத் திடல் அளவே என்பதை ஏற்றுக்கொள்ள இரண்டு நாள் ஆயிற்று. மாலையில் கொண்டோலாவிலேயே கீழே இறங்கிவிடலாம் என்று தெரிந்ததும்தான் நிம்மதி வந்தது. இறங்குவதற்கும் லிஃப்டைப் பயன்படுத்துவதில் எந்தக் கேவலமும் இல்லை. நாள் முடிவில் கால்கள் சோர்ந்திருக்கும்போதுதான் பலரும் அடிபட்டுக்கொள்கிறார்கள்.

எல்லோரும் எப்போதும் சேர்ந்தே சறுக்க வேண்டும் என்ற ஆசையையும் விட்டாயிற்று. நான்காம் நாள் மதிய உணவுக்கு, சுமார் 1,850 மீட்டரில் இருக்கும் ரவுண்ட்ஹவுஸ் கூடத்தில் அனைவரும் சந்திக்கிறோம். அது போதும்.

நவம்பர் 16

லிஃப்ட் அனுமதியை வாங்கிவிட்டோம். பருவச் சீட்டுகளின் விற்பனை டிசம்பர் தொடக்கத்தோடு பொதுவாக நின்றுவிடும். அன்றன்று சீட்டுச் சன்னலில் வாங்கினால் விலை கூடுதல். ஆகவே பனி எப்படி விழப்போகிறது என்று எவருக்கும் தெரியாத காலத்திலேயே பணத்தைக் கட்ட வேண்டியிருக்கிறது. வியாபாரம் தெரிந்தவர்கள்!

பயணக் காப்பீட்டில் பனிச்சறுக்கும் மலை மீட்பும் சேர்ந்திருக்கின்றனவா என்று சிறிய எழுத்துகளைப் படித்தேன். முதலில் பார்த்த காப்பீட்டில் இரண்டுமே இல்லை. இரண்டாவதில் இருந்தன, ஆனால் தளத்தின் எல்லைக் கயிற்றைத் தாண்டினால் செல்லாது. மகளுக்கு அந்தப் பத்தியை அப்படியே அனுப்பிவைத்தேன்.

நவம்பர் 30

வான்கூவரிலிருந்து விஸ்லருக்குச் சுமார் 120 கிலோமீட்டர். கடலோரமாகத் தொடங்கி மலைக்குள் ஏறும் 99ஆம் எண் நெடுஞ்சாலை. அதில் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்கால டயர் கட்டாயம். டயரின் பள்ளம் குறைந்தது 3.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வாடகைக் கார் நிறுவனம் ஒன்றை அழைத்துக் கேட்டபோது, "எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற டயர்" என்ற பதிலையே மூன்று முறை தந்தார்கள். அதன் பக்கவாட்டில் மலையும் பனிச்செதிலும் பொறித்த முத்திரையோ, எம், எஸ் என்ற எழுத்துகளோ இருக்குமா என்று கேட்டால் பேச்சு நின்றுவிட்டது. பேருந்தில் போகிறோம்.

டிசம்பர் 14

விடுமுறைக்கு வந்த மகள், தன் தோழியின் தந்தையிடமிருந்து ஒரு ஜோடி ஸ்கீ பூட்ஸை இரவல் வாங்கி வந்திருந்தாள். ஒவ்வொன்றும் சிறிய வாளி போல் கனத்தது. உள்ளே இருக்கும் மெத்தென்ற உறையை உருவியெடுத்துவிட்டு, வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல்களை முன்சுவரில் தொடவைக்கச் சொன்னாள். பிறகு குதிகாலுக்கும் பின்சுவருக்கும் நடுவில் தன் இரண்டு விரல்களை நுழைத்துப் பார்த்தாள். அந்த இடைவெளி இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போனால் பூட்ஸ் பெரிது என்று அர்த்தமாம்.

உறையைத் திரும்பப் பொருத்தி, கொக்கிகளை மாட்டி நிமிர்ந்து நின்றபோது கட்டைவிரல் முன்னால் முட்டியது. சிறியது என்று கழற்றப் போனேன். "முழங்காலை மடக்கி, கணுக்காலுக்கு மேல் இருக்கும் பூட்ஸின் நாக்கில் முன்னெலும்பை அழுத்துங்கள்" என்றாள். அழுத்தியதும் குதிகால் பின்னால் நகர்ந்து உட்கார, விரல்கள் விடுபட்டன. நாள் முழுவதும் நிற்க வேண்டிய நிலை அதுதானாம். நிமிர்ந்து நிற்கும்போது சௌகரியமாக இருக்கும் பூட்ஸுக்குள், சறுக்கும்போது கால் மிதந்து, பலகையைத் திருப்ப முடியாது.

நான் வாங்கி வைத்திருந்த தடித்த கம்பளிக் காலுறைகளை அவள் பார்த்த பார்வையே போதும். மெல்லிய காலுறை ஒன்று மட்டும். நீண்ட உள்ளாடையின் கீழ்முனைகூட பூட்ஸுக்குள் போகக் கூடாது, ஏனெனில் அதன் மடிப்பு ஒரு மணி நேரத்தில் தோலைப் புண்ணாக்கிவிடும். இரட்டைக் காலுறை அணிந்தால் இரத்த ஓட்டம் நெருக்கப்பட்டுப் பாதம் இன்னும் சில்லிட்டுப் போகும்.

பூட்ஸோடு மாடிப்படி இறங்கிப் பார்த்தேன். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, வீட்டில் யானை புகுந்துவிட்டதோ என்று கேட்டார்.

ஜனவரி 5

வாடகைப் பலகைக்கான இணையப் படிவத்தை நிரப்பினோம். வெறும் சடங்கு என்று நினைத்திருந்த அந்த ஐந்து கட்டங்கள்தான் இந்தப் பயணத்தில் என் முழங்காலைக் காக்கப்போகிறவை. எடை, உயரம், வயது, பூட்ஸின் அடிப்பாக நீளம், சறுக்கும் பாணி ஆகியவற்றைக் கொண்டுதான், விழும்போது பூட்ஸைப் பலகையிலிருந்து விடுவிக்கும் பைண்டிங்கின் இறுக்கத்தைக் கடைக்காரர் ஒரு பட்டியலைப் பார்த்து அமைக்கிறார். தன் திறமையைக் கூட்டிச் சொன்னால் பைண்டிங் கூடுதலாக இறுகி, விழும்போது விடாமல், பலகை காலையும் சேர்த்து முறுக்கிவிடும். எடையைக் குறைத்துச் சொன்னால் நடுச்சரிவில் காரணமில்லாமல் கழன்று ஓடும்.

மனைவி தன் எடையை எழுதும்போது என்னை அறையை விட்டு வெளியே போகச் சொன்னார். சரியாகத்தான் எழுதினார் என்று நம்புகிறேன்.

அந்தப் பட்டியலில் 9 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கும், 50 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கும் ஒரே சலுகை: ஒரு வரிசை தளர்த்தி அமைக்க வேண்டும். நானும் என் மகனும் ஒரே பிரிவில் வைக்கப்பட்டிருப்பதைக் கண்டு அவனுக்கு ஏக மகிழ்ச்சி.

ஜனவரி 17

இந்த வாரம் முழுவதும் வானிலையைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. விஸ்லர் பசிபிக் கடலுக்கு அருகில் இருப்பதால் பனி ஏராளம். அதே காரணத்தால் மழையும். ஹவாய்ப் பக்கமிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று ஆறுபோல் நீண்டு வந்து மோதும்போது, நடுக் குளிர்காலத்திலும் கிராமத்தில் மழை கொட்டும். அதற்கு அவர்கள் இட்டிருக்கும் பெயர் பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்.

ஆகவே அங்கே கேட்க வேண்டியது "எவ்வளவு குளிர்" என்பதல்ல, "உறைபனி மட்டம் எத்தனை மீட்டர்" என்பது. அதாவது எந்த உயரத்தில் வெப்பம் பூஜ்ஜிய டிகிரிக்கு இறங்குகிறது என்பது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும் என்று வைத்துக்கொண்டால், கிராமத்தில் 4 டிகிரி காட்டும் நாளில் உச்சியில் கழித்தல் 6 இருக்கும். மேலே அருமையான புதுப்பனி, கீழே குடை. எனக்கு வந்த சங்கடம், ஒலிம்பிக் ஸ்டேஷன் கிராமத்தைவிட இரண்டு டிகிரிதான் குளிர்ந்திருக்கும் என்பது. அதாவது மழை பெய்தால் அது நேராகக் கற்றுக்குட்டிகள் தலையில்தான். 2010 ஒலிம்பிக்கில் இதே மலையில் பிப்ரவரி 13 அன்று நடக்க வேண்டிய ஆண்களின் டவுன்ஹில் என்னும் அதிவேகச் சறுக்குப் பந்தயமே வெப்பமும் ஈரமும் காரணமாக 15ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது என்று படித்ததும் சற்று ஆறுதலாக இருந்தது.

மாற்றுத் திட்டம்: மூன்றாம் நாள் கீழே மழை என்றால், பயிற்சியாளர் சம்மதித்தால், ரவுண்ட்ஹவுஸுக்கு அருகில் இருக்கும் பச்சைத் தடங்களுக்கு ஏறிவிடுவது, திரும்புவது கொண்டோலாவில்.

ஜனவரி 22

மகளோடு ஒரு மணி நேரம் பேசினேன். அவள் மரங்களுக்கிடையே சறுக்க ஆசைப்படுகிறாள். தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் பனி இறுகாமல், அடிமரத்தைச் சுற்றி ஒரு குழி மறைந்திருக்கும். தலைகீழாக விழுந்தால் தானாக வெளியே வர முடியாமல், சுற்றியிருக்கும் பனி சரிந்து மூச்சை அடைத்துவிடும். ஆழ்ந்த பனி விழும் இத்தகைய கடலோர மலைகளில் அந்த ஆபத்து அதிகம். துணையில்லாமல் மரங்களுக்குள் போவதில்லை, துணை எப்போதும் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்க வேண்டும், சட்டையில் விசில் தொங்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டாள். இவை எல்லாவற்றையும் அவள் முன்பே அறிந்திருந்தாள் என்பது பேச்சின் பாதியில் புரிந்தது; ஆனாலும் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

அம்மாவுக்கான நாளும் உறுதியாயிற்று. இரு மலைகளையும் இணைக்கும் பீக் டு பீக் கொண்டோலா 2008இல் திறக்கப்பட்டது, 4.4 கிலோமீட்டர் தூரத்தை 11 நிமிடத்தில் கடக்கிறது. நடுவில் 3 கிலோமீட்டருக்குத் தாங்கு கோபுரமே கிடையாது, பள்ளத்தாக்கிலிருந்து 436 மீட்டர் உயரம். 28 பெட்டிகளில் இரண்டுக்கு மட்டும் கண்ணாடித் தரை. சறுக்காதவர்களும் ஏறலாம். "கயிற்றில் தொங்கிக்கொண்டு மலையைத் தாண்டுவதா? நான் வரவில்லையப்பா" என்றவர், இரவுச் சாப்பாட்டின்போது அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குத் தனி வரிசை உண்டா என்று விசாரித்தார். விடியற்காலையில் மலைப்பக்கம் வெடிச்சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம், பனிச்சரிவு தானாக விழும் முன் சறுக்குதளக் காவலர்களே அதை வெடிவைத்து இறக்கிவிடுகிறார்கள் என்று அவரிடம் இப்போதே சொல்லிவைத்தேன்.

ஜனவரி 24

நாளை காலை விமானம். ஹெல்மெட்டும் காகிள்ஸும் கைப்பையில், மற்றவை பெட்டிகளில். திங்கட்கிழமைக்கு உறைபனி மட்டம் 1,300 மீட்டர் என்கிறது முன்னறிவிப்பு. அடியில் மடித்து வைத்திருந்த மழைக்கோட்டுகளை எடுத்துப் பெட்டியின் மேல்தட்டில் வைத்தேன்.