வளர்ச்சி ஆலோசனைத் துறையில் டீம் லீடர் ஆக என்ன படிப்பது? வடசென்னை மாணவர்களுக்கு

உலக வங்கியோ ஆசிய வளர்ச்சி வங்கியோ கடன் தரும் திட்டங்களுக்கு ஆய்வு, வடிவமைப்பு, மதிப்பீடு செய்து கொடுப்பவை வளர்ச்சி ஆலோசனை நிறுவனங்கள். அங்கே தலைமைப் பொறுப்புக்கு வர எந்த டிகிரி வேண்டும் என்றுதான் வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கத்து மாணவர்கள் முதலில் கேட்கிறார்கள். டெண்டரில் டிகிரிக்கு எத்தனை மார்க் என்று கேட்பது இன்னும் பயன்படும்.

உலக வங்கியின் மாதிரி டெண்டர் ஆவணத்திலேயே விடை இருக்கிறது. தொழில்நுட்ப மதிப்பெண் 100இல் முக்கிய நிபுணர்களுக்கு, அதாவது டீம் லீடர் போல நிறுவனம் பெயர் சொல்லி நிறுத்தும் ஆட்களுக்கு, 30 முதல் 60 வரை. அந்தப் பங்கைப் பிரிக்கும்போது படிப்பும் பொது அனுபவமும் சேர்ந்து 10 முதல் 20 சதவீதம்தான். இதே வகை வேலையை முன்பு செய்திருக்கிறாரா என்பதற்கு 60 முதல் 80 சதவீதம். முதுகலை இல்லாவிட்டால் பெரும்பாலும் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். அதை மட்டும் வைத்துக்கொண்டு மேலே ஏற முடியாது.

விலைக்கும் பங்கு உண்டு. தரத்துக்கு 80, விலைக்கு 20 என்று பிரிப்பது வழக்கமான ஒன்று. ஒரு நிறுவனம் தொழில்நுட்பத்தில் 90 வாங்கி 1 கோடி ரூபாய் கேட்கிறது. இன்னொன்று 82 வாங்கி 80 லட்சம் கேட்கிறது. குறைந்த விலைக்கு 100 மார்க், மற்றதற்கு விகிதப்படி 80. முதலாவதற்கு 72 + 16 = 88. இரண்டாவதற்கு 65.6 + 20 = 85.6. 20 லட்சம் கூடுதலாகக் கேட்டவருக்கே வேலை போகிறது. தொழில்நுட்ப மார்க் வாங்கித் தரும்படி முன்மொழிவை நன்றாக எழுதத் தெரிந்தவரை நிறுவனங்கள் விடாமல் பிடித்து வைத்திருப்பது இந்தக் கணக்கால்தான்.

நிபுணர்களுக்கு மார்க் போடுவது சிவியைப் பார்த்துத்தான். எனவே அதை முதல் வேலையிலிருந்தே பராமரிக்க வேண்டும். ஒவ்வொரு திட்டத்துக்கும் தொடங்கிய மாதம், முடிந்த மாதம், நிதி தந்தவர், உங்கள் பொறுப்பு, நீங்களே செய்த வேலை எல்லாம் வேண்டும். ‘2019–2021’ என்று மொட்டையாக எழுதினால் அனுபவ மாதங்களை எண்ண முடியாது. சந்தேகம் வந்தால் குறைத்துத்தான் போடுவார்கள். ஒரே காலத்தில் இரண்டு முழுநேர வேலை காட்டினாலும் சிக்கல். பொய் அனுபவம் எழுதிப் பிடிபட்டால் நிறுவனமே தடைப்பட்டியலுக்குப் போகலாம். வேலையை எப்படிச் செய்வோம் என்று சொல்லும் செயல்முறைப் பகுதியில், டெண்டர் கொடுத்த பணி வரையறையையே திருப்பி எழுதி வைப்பது பரவலான வியாதி, அதற்கு மார்க் கிடையாது. விலைக்குத் தனி உறை உண்டு, தொழில்நுட்ப உறையில் விலை தெரியும்படி ஒரு வரி இருந்தால் மொத்தமும் நிராகரிப்பு.

படிப்பில் எதைக் கெட்டியாகப் பிடிக்க வேண்டும்? பொருளியலோ பொறியியலோ சமூகப் பணியோ, எதுவானாலும் புள்ளியியல் கட்டாயம். மாதிரி அளவை, அதாவது எத்தனை பேரிடம் கேட்க வேண்டும் என்ற எண்ணை, ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். 95 சதவீத நம்பகம், 5 சதவீதப் பிழை என்றால் 385 குடும்பங்கள். தெருக் கொத்துகளாக எடுத்தால் பக்கத்து வீடுகள் ஒன்றுபோல இருக்கும், அதை ஈடுகட்டப் பெருக்கும் எண்ணுக்கு வடிவமைப்பு விளைவு என்று பெயர். அதை 2 என்று வைத்தால் 770. பத்தில் ஒருவர் பதில் தர மாட்டார் என்றால் 770ஐ 0.9ஆல் வகுக்க வேண்டும், 856 வரும். பலர் பத்து சதவீதம் கூட்டி 847 என்று நிறுத்துகிறார்கள். அதில் பத்து சதவீதம் கழிந்தால் மிஞ்சுவது 762, குறி வைத்த எண் கிடைக்காது.

எண் சரியாக இருந்தும் களம் கெடுக்கும். காசிமேட்டில் மீனவர் வருமானத்தை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் முதலில் எடுத்துவிட்டு, இறுதிக் கணக்கெடுப்பை நவம்பரில் வைத்தால், திட்டமே ஒன்றும் செய்யாவிட்டாலும் வருமானம் உயர்ந்தது போலத் தெரியும். இரண்டு சுற்றும் ஒரே பருவத்தில் இருக்க வேண்டும். உள்ளூர்க்காரருக்கு இது சொல்லாமலே தெரியும். டெல்லியில் உட்கார்ந்து கால அட்டவணை போடுபவருக்குத் தெரியாது.

உதவித்தொகையில் இரண்டு கண்ணிகள். பிரிட்டிஷ் அரசு முதுகலைப் படிப்புக்குத் தரும் செவனிங்குக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், படிப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டு நாடு திரும்பி இருக்க வேண்டும். மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் 2022இல் வந்த விதிப்படி இந்தியாவை மையமாகக் கொண்ட சமூக ஆய்வுத் தலைப்புகளுக்கு நிதி இல்லை. வளர்ச்சி ஆய்வுக்கு விண்ணப்பிப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது. (அந்த விதி நியாயமா என்பது வேறு பேச்சு.) அந்தந்த ஆண்டின் நெறிமுறையைப் படித்துவிட்டே தலைப்பை முடிவு செய்யுங்கள்.

பயிற்சிக்கு வெளியூர் போக வேண்டாம். கொசஸ்தலையாறு படுகை மழைநீர் வடிகால் திட்டத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2021இல் 25.1 கோடி டாலர் கடன் ஒப்புதல் தந்தது. திட்ட ஆவணங்கள் வங்கியின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. திட்டத்தின் இலக்குகளையும் அவற்றை அளக்கும் எண்களையும் பட்டியலிடும் வடிவமைப்பு மற்றும் கண்காணிப்புச் சட்டகம் என்ற அட்டவணையை எடுத்து அதில் ஒரே ஒரு குறிகாட்டியை, அதாவது அளக்க வேண்டிய எண்ணை, தேர்ந்தெடுங்கள். மணலியிலோ திருவொற்றியூரிலோ அந்த வடிகால் போகும் தெருக்களில் நடந்து, அந்த எண்ணை யார், எதை வைத்து, எத்தனை நாளுக்கு ஒருமுறை அளக்க முடியும் என்று இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் எழுதுங்கள். ஆய்வு உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழ் நகல்களுக்கு மேலே அந்த இரண்டு பக்கத்தை வையுங்கள்.