முகத்தில் வைத்தே எடுத்ததா?

"ஆமாம், சார்" என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. ஃப்ளாரன்ஸுக்கு எந்தச் சுற்றுலாக் குழுவை அழைத்துக்கொண்டு போனாலும், கவிஞர் தாந்தேயின் முகமூடி இருக்கும் பலாஸ்ஸோ வெக்கியோ அரண்மனையின் அந்தக் குறுகலான வழியில் என் கால் இன்னமும் தயங்குகிறது.

கேட்டவருக்கு எழுபதுக்கு மேல் வயது. அரசுக் கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குழுவில் இருந்த 28 பேரில் தாந்தேக்காகவே இத்தாலிக்கு வந்தவர் அவர் ஒருவர்தான். சிறு வயதில் உறவினர் வீட்டுப் பரணில் அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் புத்தகம் அவர் கையில் கிடைத்திருக்கிறது. தாந்தே எழுதிய 'டிவைன் காமெடி' காவியத்தின் நரகப் பகுதி. 1861-இல் குஸ்தாவ் டோரே வெளியிட்ட படங்கள் அதில் இருந்தன. எழுத்து புரியாத வயதில் படங்களைப் பார்த்துப் பயந்தவர், அந்தப் பயம் விடாததால் பிறகு எழுத்தையும் படித்து முடித்திருக்கிறார். வெனிஸிலிருந்து வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னார். "அந்த மூக்கும் குல்லாயும் எனக்கு என் தாத்தா முகத்தைவிட நன்றாகத் தெரியும், தம்பி" என்றார்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அருங்காட்சியகத்துக்குள் பேச உரிமம் பெற்றவர் உள்ளூர் வழிகாட்டி. அவர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் சொல்லிக் குழுவின் காதில் சேர்ப்பது என் வேலை. அன்று வந்திருந்த இத்தாலியப் பெண்மணி நிறையப் படித்தவர். எதையும் அளந்துதான் சொல்வார். முகமூடி இருந்த கண்ணாடிப் பேழைக்கு முன்னால் நின்று அவர் நீளமாகப் பேசினார். இறந்த தாந்தேயின் முகத்தில் எடுத்த அச்சு என்று இதை நெடுங்காலம் நம்பினார்கள். இன்றைய அறிஞர்கள் அப்படிக் கருதுவதில்லை. ரவென்னா நகரில் உள்ள தாந்தேயின் கல்லறையில் 1483-இல் பியெத்ரோ லொம்பார்தோ செதுக்கிய உருவத்தோடு இதற்குத் தொடர்பு இருக்கலாம். எப்படியானாலும் இது பின்னால் யாரோ செய்தது.

இத்தனையையும் நான் இப்படிச் சுருக்கினேன்: "இது தாந்தேயின் முக அச்சு. 1911-இல் நகரத்துக்கு அன்பளிப்பாக வந்தது."

பின்னால் இன்னொரு குழு நெருக்கிக்கொண்டிருந்தது. பஸ் வரும் நேரமும் ஆகிவிட்டது. இரண்டு பாட்டிகளுக்கு உடனே கழிப்பறை தேவைப்பட்டது. இவை அத்தனையும் உண்மை. ஆனால் நான் சுருக்கியதற்கு இவை மட்டும்தான் காரணமா என்று கேட்டால் நெஞ்சில் கை வைத்து ஆம் என்று சொல்ல முடியவில்லை. 'இது அவர் முகம் இல்லை' என்று சொன்னால் ஒருவரும் அந்தப் பேழையைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அது எனக்குத் தெரியும். பத்து வருட அனுபவம் அதை எனக்குக் கற்றுத் தந்திருந்தது.

மற்றவர்கள் நகர்ந்துவிட்டார்கள். அவர் மட்டும் கண்ணாடிக்கு அருகில் குனிந்து நின்றார். ஒட்டிய கன்னங்கள், பாதி மூடிய இமைகள், நடுவில் புடைத்து இறங்கும் மூக்கு. "அதே மூக்கு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "முகத்தில் வைத்தே எடுத்ததா, தம்பி?" என்று கேட்டார்.

"ஆமாம், சார்."

பக்கத்தில் நின்ற இத்தாலியப் பெண்மணிக்குத் தமிழ் தெரியாது. நாங்கள் ஏதோ நல்லது பேசுகிறோம் என்று நினைத்துப் புன்னகையோடு தலையாட்டினார். அவரும் சேர்ந்து உறுதி சொன்னதுபோல் ஆகிவிட்டது. பெரியவர் செருப்பைக் கழற்றினார். கைகூப்பிச் சில நொடிகள் நின்றார்.

முதலில் சுருக்கிச் சொன்னதை மொழிபெயர்ப்பின் குறை என்று தள்ளிவிடலாம். இரண்டாவது அப்படி இல்லை. அவர் நேராகக் கேட்டார், நான் தெரிந்தே சொன்னேன். இத்தனை முறை நினைத்துப் பார்த்தும் இந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போக எனக்கு வழி கிடைக்கவில்லை.

இதற்கு எதிராகவும் ஒன்றை எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. அன்று காலையில்தான் பேராலயத்தில் தொமெனிகோ தி மிக்கெலினோவின் ஓவியத்தைப் பார்த்திருந்தோம். தாந்தே பிறந்து 200 ஆண்டுகள் ஆனதை ஒட்டி 1465-இல் வரைந்தது. சிவந்த அங்கியோடு, விரித்த புத்தகத்தைக் கையில் ஏந்தி நிற்கிறார் தாந்தே. இடப் பக்கம் நரகத்துக்கு இறங்கும் கூட்டம், பின்னால் அடுக்கடுக்காக ஏறும் மலை, வலப் பக்கம் ஃப்ளாரன்ஸ் நகரம். அவர் நிற்பதோ மதிலுக்கு வெளியே. 1302-இல் நாடு கடத்தப்பட்டவர், ஊருக்குத் திரும்பாமலே 1321-இல் ரவென்னாவில் இறந்தார். அதனால் ஓவியத்திலும் அவருக்கு ஊருக்குள் இடமில்லை. புத்தகத்தின் ஒளி மட்டும் மதிலில் விழுகிறது. அந்த நகரத்தில் பேராலயத்தின் பெரிய குவிமாடம் முழுதாக எழும்பி நிற்கிறது. அது முடிந்தது 1436-இல், அவர் இறந்து 115 ஆண்டுகளுக்குப் பிறகு. இதை நான் சொன்னபோது பெரியவர் குழந்தைபோல் மகிழ்ந்தார். "அவர் பார்க்காமல் போனதை ஓவியன் காட்டிவிட்டான்" என்று மனைவியிடம் சொன்னார். நடக்காத ஒன்றை வரைந்திருப்பது அவரைக் கொஞ்சமும் உறுத்தவில்லை. அப்படியானால் அந்த முகமூடியும் யாரோ ஒரு கலைஞன் தாந்தேக்குச் செய்த மரியாதைதானே? நான் ஆமாம் என்றதால் என்ன குறைந்துவிட்டது?

இந்த வாதம் கொஞ்ச தூரம்தான் என்னோடு வருகிறது. ஓவியம் 'நான் கற்பனை செய்தேன்' என்று ஒளிக்காமல் சொல்கிறது. அச்சு என்று சொன்ன பொருளோ, 'நான் அந்தத் தோலைத் தொட்டேன்' என்கிறது. ஒரு கலைப்பொருளாக இருந்ததை என் ஒரு சொல் நினைவுச்சின்னமாக மாற்றிவிட்டது. அவர் செருப்பைக் கழற்றியது அந்தச் சொல்லுக்காக.

மறுநாள் காலை விடுதியில் ரொட்டியைக் கடித்துவிட்டு, "உப்பே இல்லையே" என்றார். ஃப்ளாரன்ஸ் இருக்கும் தொஸ்கானாவின் ரொட்டியில் உப்புச் சேர்ப்பதில்லை, அதனால்தான் 'பிறர் ரொட்டி எவ்வளவு கரிக்கும் என்று அறிந்துகொள்வாய்' என்ற வாக்கு சொர்க்கப் பகுதியின் பதினேழாம் காண்டத்தில் வருகிறது, நாடு கடத்தப்படுபவனுக்குச் சொன்னது என்று பலரும் விளக்குவார்கள் என்றேன். அவர் கண் விரிந்தது. பலமுறை படித்த வரி, அதன் சுவை இப்போதுதான் நாக்கில் பட்டது என்றார். சட்டைப் பையிலிருந்து சிறிய நோட்டை எடுத்து எழுதத் தொடங்கினார். மேலே முந்தைய நாள் எழுதியிருந்த வரி என் கண்ணில் பட்டது. கருவூலக்காரர்களுக்கே உரிய திருத்தமான கையெழுத்து. 'பிற்பகல் 3.40. தாந்தே முகத்தை நேரில் பார்த்தேன்.'

அப்போதுதான் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டுமா என்பது எனக்கு இன்னமும் தெளிவாகவில்லை. அவருக்கு உண்மை சேர வேண்டும் என்பதற்காகச் சொன்னேனா, அந்த வரியைப் பார்த்த பிறகு என்னால் தாங்க முடியாமல் சொன்னேனா? சொன்ன விதமும் சரியில்லை. மேசையில் வேறு நான்கு பேர் இருந்தார்கள். தனியாக அழைத்துப் பேசியிருக்கலாம்.

அவர் கோபப்படவில்லை. "அப்படியானால் நேற்று ஏன் ஆமாம் என்றீர்கள்?" என்று கேட்டார். அதுவரை என்னை 'நீ' என்றுதான் அழைத்துக்கொண்டிருந்தார். நேரமில்லை என்றேன். பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். எழுதியதை அடிக்கவில்லை.

அடுத்து சாந்தா குரோச்சே தேவாலயம். அங்கே தாந்தேக்குப் பெரிய சலவைக்கல் கல்லறை இருக்கிறது. மேலே அவர் அமர்ந்திருக்கிறார், ஒரு பக்கம் பெண்ணுருவில் இத்தாலி நின்று கைகாட்டுகிறாள், மறுபக்கம் பெண்ணுருவில் கவிதை அழுகிறாள். உள்ளே ஒன்றும் இல்லை. எலும்புகளைத் திரும்பப் பெற ஃப்ளாரன்ஸ் எவ்வளவோ முயன்றது. 1519-இல் போப்பின் அனுமதியும் கிடைத்தது, கல்லறை செய்து தருகிறேன் என்று மைக்கேலாஞ்சலோவும் முன்வந்தார். ரவென்னாவின் பிரான்சிஸ்கன் துறவிகள் எலும்புகளை எடுத்து ஒளித்துவிட்டார்கள். 1865-இல்தான் அவை ஒரு மரப்பெட்டியில் மீண்டும் கிடைத்தன. இதை நான் அன்று ஒரு சொல்லும் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். முடித்ததும் அவர் அருகில் வந்தார்.

"காலிக் கல்லறை என்கிறீர்களே. அதுவாவது உண்மையா?"

குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. அவர் முகத்தில் அப்படி எதுவும் இல்லை. எழுதிக்கொள்ளலாமா என்று தெரிந்துகொள்ளக் கேட்டார். கையில் பேனா திறந்திருந்தது. அதனால்தான் அந்தக் கேள்வி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

பிறகு நான் நிறையப் படித்தேன். யாருக்காகப் படித்தேன் என்று தெரியவில்லை. தாந்தே உயிரோடு இருந்தபோது வரைந்த முகம் ஒன்றுகூட நம் கைக்கு வரவில்லை. காலத்தால் மிக நெருங்கியவற்றுள் ஒன்று பர்ஜெல்லோ அரண்மனைத் தேவாலயத்தில் இருக்கிறது. ஓவியர் ஜொத்தோவின் பட்டறை 1330-களில் வரைந்த சுவரோவியம். பின்னால் அந்தக் கட்டடம் சிறையாகிச் சுவரில் வெள்ளை அடித்துவிட்டார்கள். 1840-இல் சுண்ணாம்பைச் சுரண்டியபோது தாந்தே வெளிப்பட்டார். அவர் கண்ணில் ஓர் ஆணி இருந்தது. ஆணியைப் பிடுங்கியதும் கண்ணும் பெயர்ந்து வந்துவிட்டது. இப்போது நம்மைப் பார்க்கும் கண் 19ஆம் நூற்றாண்டில் சீர்செய்தவர் வரைந்தது. நேரம் கிடைக்கும்போதெல்லாம் தனியாகப் போய் அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

இதைவிட என்னை அசைத்தது எழுத்தாளர் போக்காச்சியோவின் குறிப்பு. தாந்தே இறந்தபோது அவர் சிறுவன். பின்னாளில் தாந்தேயின் வாழ்க்கையை எழுதினார். நீண்ட முகம், வளைந்த மூக்கு, கருத்த நிறம், அடர்ந்து சுருண்ட கரிய முடி, தாடி என்கிறார். வெரோனாவில் தெருவில் போன தாந்தேயைப் பார்த்து ஒரு பெண், நரகத்துக்குப் போய்விட்டு வருகிற ஆள் இவர்தான் என்றாளாம். அதனால்தான் அங்குள்ள சூட்டிலும் புகையிலும் தாடி சுருண்டு முகமும் கறுத்திருக்கிறது என்றாளாம் இன்னொருத்தி. கருத்த நிறமும் தாடியும் கொண்ட மனிதர்! பொத்திசெல்லி, ரஃபேல், டோரே என்று வழிவழியாக வந்த முகமோ மழித்த முகம். ஒருவர் மூக்கை இன்னொருவர் வாங்கி வரைந்திருக்கிறார்கள். 1921-இல் எடுத்த மண்டையோட்டு அளவுகளை வைத்து 2007-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் முகத்தை மீட்டு உருவாக்கியபோது மூக்கு அத்தனை கூர்மையாக வளைந்திருக்கவில்லை. பெரியவர் "அதே மூக்கு" என்றது சரியான சாட்சிதான். ஆனால் அது ஓவியர்களின் மூக்குக்குச் சாட்சி.

இதையெல்லாம் அவருக்கு எழுதி அனுப்ப இரண்டு முறை உட்கார்ந்தேன். முகவரி அலுவலகத்தில் இருக்கிறது. அனுப்பவில்லை. இன்னொரு திருத்தத்தை அவர் கேட்கவே இல்லையே என்று தோன்றியது. அது சாக்காகவும் இருக்கலாம்.

அந்தப் பேழைக்கு முன்னால் இப்போது நான் முழு வாக்கியத்தையும் சொல்கிறேன். 'நம்பினார்கள்', 'கருதுவதில்லை', 'இருக்கலாம்' எதையும் விடுவதில்லை. பெரும்பாலோர் நான் முடிப்பதற்குள் நகர்ந்துவிடுகிறார்கள்.

அவரைக் குழுவோடு கடைசியாகப் பார்த்தது வத்திக்கானில், ரஃபேல் அறைகளில். கூட்டம் தோளோடு தோள் உரசிக்கொண்டிருந்தது. பர்னாசஸ் ஓவியத்தில் கண்ணிழந்த ஹோமருக்குப் பக்கத்தில் தாந்தே நிற்கிறார் என்று ஒலிவாங்கியில் சொல்ல வாயெடுத்தேன். எதிரே அவர் நின்றிருந்தார். காதில் கருவி இல்லை, கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் எதுவும் சொல்வதற்கு முன்பே அண்ணாந்து தேடிக் கண்டுபிடித்துவிட்டார். மனைவியின் தோளைத் தட்டி மேலே கைகாட்டினார். அந்த அம்மாவுக்கு எந்த உருவம் என்று பிடிபடவில்லை. உடனே அவர் விரலைத் தன் மூக்கின் மேல் வைத்து, நடுவில் புடைத்துக் கீழே இறங்குவதுபோல் மெதுவாக வரைந்து காட்டினார்.