நான்கு அச்சில் சுருளும் நத்தை

மலேசியாவின் ஈப்போ நகரில் உறவினர் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சுண்ணாம்புக் குன்றின் அடியிலிருந்து இரண்டு கைப்பிடி மண்ணை அள்ளி வந்து, வெயிலில் நன்றாக உலர்த்தி, ஒரு வாளித் தண்ணீரில் கொட்டினேன். மண் அடியில் தங்கிவிட, உள்ளே காற்று அடைபட்ட வெற்று ஓடுகள் மட்டும் சருகுத் தூளோடு மேலே மிதந்தன. தேநீர் வடிகட்டியால் அவற்றை எடுத்துக் கறுப்புத் துணியில் பரப்பி உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது, கடுகைவிடச் சிறிய ஓடொன்றின் மேல் மெல்லிய வரிகள் விலா எலும்புகளைப் போல வரிசையாக ஓடின.

நான் தேடியது அதுவன்று. ஈப்போவை ஒட்டிய குனோங் ராப்பாட் என்னும் சுண்ணாம்புக் குன்றில் கண்டெடுக்கப்பட்டு, 2008இல் ஒபிஸ்தோஸ்டோமா வெர்மிகுலம் என்று பெயரிடப்பட்ட நத்தையையே தேடினேன். நத்தை ஓடு பெரும்பாலும் ஓர் அச்சைச் சுற்றியே வளரும். இதன் ஓட்டிலோ நான்கு அச்சுகள் உள்ளன. வளரும் குழல் முந்தைய சுருளை விட்டு மூன்று முறை விலகி, இரண்டு முறை மீண்டும் வந்து ஒட்டிக்கொள்கிறது; மூன்றாம் முறை விலகியது ஒட்டாமலே நின்றுவிடுகிறது. படத்தில் பார்ப்பவர்களுக்கு இது வளர்ச்சிக் கோளாறாகத் தோன்றலாம். ஆனால் கிடைத்த ஓடுகள் பெரும்பாலும் ஒரே ஒழுங்கில் திரும்பியிருந்ததால், மரபணுக்களின் கண்டிப்பான கட்டுப்பாட்டில் நிகழும் வளர்ச்சியாகவே ஆய்வாளர்கள் இதைக் கருதுகின்றனர். எனக்குப் பெருவியப்பு அந்த ஒழுங்கின் மீதுதான்.

ஒபிஸ்தோஸ்டோமா என்றால் பின்னோக்கிய வாய் என்று பொருள். நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதியான இப்பேரினத்தை, இயற்கை ஆய்வாளர்களான பிளான்ஃபோர்டு சகோதரர்கள் 1860இல் நிறுவியபோது அடிப்படையாகக் கொண்ட இனம் நம் நீலகிரியைச் சேர்ந்தது என்பதை அறிந்து மகிழ்ந்தேன்.

ஓடு கட்டச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பதால் இத்தகைய நத்தைகள் பல இந்தக் குன்றுகளை விட்டு அகல்வதில்லை. குன்றுக்குக் குன்று இடையே உள்ள சமவெளி அவற்றுக்குக் கடலைப் போன்றது. ஆகவே ஒரே குன்றில் மட்டும் வாழும் இனங்கள் உருவாகிவிடுகின்றன. அந்தக் குன்றையே சிமெண்டுக்காக வெட்டினால் அவற்றுக்குப் போக்கிடம் இல்லை. மலேசியாவின் பகாங் மாநிலத்திலிருந்த புக்கிட் பஞ்சிங் குன்று அப்படித்தான் தரைமட்டமாக்கப்பட்டது; அங்கு மட்டுமே வாழ்ந்த, ஒபிஸ்தோஸ்டோமாவின் நெருங்கிய உறவான பிளெக்டோஸ்டோமா சியாஃபிலம் அதனோடு அழிந்தது. அருங்காட்சியகச் சேகரிப்பில் உள்ள ஓடுகளே இன்று அதில் எஞ்சியவை.