ஜேம்ஸ் ரூஸின் காகிதங்களைத் தேடியபோது

சிட்னி ஹாரிஸ் பார்க்கில் தோசை சாப்பிட வருகிற நம் ஆட்களில் பலருக்கு, அங்கேயே ரூஸ் தெரு என்று ஒன்று இருப்பது தெரியாது. பெயருக்குரிய ஜேம்ஸ் ரூஸ், இங்கிலாந்தில் வீடு புகுந்து திருடி நாடுகடத்தப்பட்டவர். அவர் வழக்கைப் பழைய பதிவுகளில் பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

இந்த மாதிரித் தேடலில் எல்லோரும் முதலில் போவது லண்டனின் பழைய குற்றவியல் நீதிமன்றமான ஓல்டு பெய்லியின் இணையதளத்துக்கு. 1674 முதல் 1913 வரையிலான விசாரணைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பல வழக்குகளில் சாட்சிகள் பேசியது அப்படியே இருக்கும். படிக்க உட்கார்ந்தால் ராத்திரி போவதே தெரியாது. ஆனால் அது பெரும்பாலும் லண்டன், மிடில்செக்ஸ் வழக்குகளுக்குத்தான் உதவும். ரூஸோ இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வால்காரர். 1782இல் அங்கே பாட்மினில் கூடிய அசைஸ் நீதிமன்றத்தில், அதாவது நீதிபதிகள் ஊர் ஊராக வந்து நடத்தும் நீதிமன்றத்தில், விசாரிக்கப்பட்டவர். அதனால் பெயரைத் தட்டுவதற்கு முன்னால் எந்த நீதிமன்றம் என்று தெரிந்துகொள்ளுங்கள், பாதி அலைச்சல் மிச்சம்.

திருடியதில் முக்கியமானவை இரண்டு வெள்ளிக் கடிகாரங்கள். இரவில் வீட்டை உடைத்து உள்ளே போவது அன்றைய சட்டத்தில் தூக்குக்குரிய குற்றம். அவருக்கும் தூக்குத்தான் விதித்தார்கள். அப்புறம் ஏழு ஆண்டு நாடுகடத்தல் என்று குறைத்தார்கள். எங்கே? ஆப்பிரிக்காவுக்கு! ஆஸ்திரேலியா என்ற பேச்சே அப்போது இல்லை. போரினால் அமெரிக்காவுக்கும் அனுப்ப வழியில்லை. ஆகவே பிளிமத்தில் டன்கர்க் என்ற சிறைக்கப்பலில் ஆண்டுக்கணக்கில் கிடந்தார். கடைசியில் ஆஸ்திரேலியாவுக்கு முதன்முதலாகக் கைதிகளை ஏற்றிக்கொண்டு 1787 மே மாதம் புறப்பட்ட 11 கப்பல்களில் ஸ்கார்பரோ என்ற கப்பலில் அவர் வந்தார். சிட்னியில் இறங்கியபோது தண்டனையில் முக்கால்வாசி கழிந்திருந்தது.

இங்கே நியூ சவுத் வேல்ஸ் ஆவணக் காப்பகத்தின் வாசிப்பறை கிங்ஸ்வுட்டில் இருக்கிறது. கைதிகளின் கப்பல் பட்டியல்கள் பல, குடும்ப வரலாறு தேட உதவும் ஆன்செஸ்ட்ரி என்ற கட்டணத் தளத்திலும் உண்டு. பணம் கட்ட வேண்டாம், உள்ளூர் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். 1820களுக்குப் பின் வந்தவர்களைத் தேடுகிறீர்கள் என்றால் கொடுத்துவைத்தவர்கள். உயரம், கண் நிறம், தொழில், பச்சை குத்தியது வரை எழுதி வைத்திருப்பார்கள். முதல் கப்பல்களில் வந்தவர்களுக்கோ பெயர், விசாரணை நடந்த இடம், தேதி, தண்டனைக் காலம். என்ன திருடினார் என்பதுகூட இல்லை.

இந்தத் தகவல் வறட்சி என்னைவிட ரூஸுக்குத்தான் பெரிய தலைவலி. 1789இல் தண்டனை முடிந்துவிட்டது, என்னை விடுங்கள் என்று கேட்டார். யாருக்கு எப்போது தண்டனை முடிகிறது என்று காட்டும் தாள்கள் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டதால் குடியேற்றத்தின் ஆளுநர் பிலிப்பிடம் சரிபார்க்க ஒன்றுமில்லை. ரூஸைப்போல இன்னும் சிலரும் இதில் மாட்டினார்கள். இருந்தாலும் அந்த ஆண்டு கடைசியிலேயே பாரமட்டா பக்கம் ரூஸுக்கு நிலம் கொடுத்துப் பயிர் செய்து பார்க்கச் சொன்னார் பிலிப். சோற்றுக்குத் திண்டாடிக்கொண்டிருந்த குடியேற்றம் அது. விவசாயம் தெரிந்தவனுக்குக் காகிதமா கேட்பார்கள்? 1791இல் அரசு உணவுப்பங்கு இனி வேண்டாம் என்று ரூஸே சொல்லிவிட்டார். பிறகு அந்த நிலத்தை வாங்கியவர் ஜான் ஹாரிஸ் என்ற மருத்துவர். ஹாரிஸ் பார்க் அவர் பெயர்தான்.

அடுத்து ரூஸின் மனைவி எலிசபெத் பெர்ரியைத் தேட வேண்டும். அவரும் கைதிதான், 1790இல் லேடி ஜூலியானா கப்பலில் வந்தவர்.